பின்தலையின் கணக்கு

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகன் சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை வைத்தான். இஸ்தான்புல்லில் உள்ள ஒரு சிகிச்சை நிலையத்தின் விலைப்பட்டியல். 4,500 ஒட்டுகள், மூன்று இரவு ஹோட்டல், விமான நிலையத்திலிருந்து கார். அதற்குக் கீழே ‘மீளுருவாக்கப் பொதி’ என்று தனியாக ஒரு பகுதி: பிஆர்பி, எக்சோசோம், ஸ்டெம் செல். அவனுக்கு 27 வயது. நெற்றியின் இரண்டு மூலைகளும் பின்வாங்கத் தொடங்கி இரண்டு வருடம் இருக்கும்.

“அப்பா, நீங்கள் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில வேலை செய்தனீங்கள்தானே. இதில எது உண்மை, எது வியாபாரம் எண்டு சொல்லுங்கோ.”

ஒரு மாதம் தவணை கேட்டேன். ஓய்வுபெற்றவனிடம் நேரத்துக்குக் குறைவில்லை. ஆனால் தவணை கேட்டதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

படிக்கத் தொடங்கியதும் முதலில் கண்டுகொண்டது இது: முடி நடும் சிகிச்சை வழுக்கைக்காரர்களுக்காகப் பிறந்ததே இல்லை.

1939ல் ஷோஜி ஒக்குடா என்ற யப்பானியத் தோல் மருத்துவர் தொடர்ச்சியாகச் சில கட்டுரைகள் எழுதினார். தீக்காயத்தாலும் தழும்பாலும் முடி இழந்தவர்கள்தான் அவருடைய நோயாளிகள். தலை, புருவம், மீசை என்று ஏறத்தாழ 200 பேருக்கு அவர் முடி நட்டிருந்தார். வட்டமான சிறு வெட்டுக்கத்தியை, பிஸ்கட் அச்சை மாவில் அழுத்துவதுபோல முடியுள்ள தோலில் அழுத்தி, சில மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு துண்டை எடுப்பார். தழும்பில் அதைவிடச் சற்றே சிறிய துளை போட்டு அதற்குள் இறுக்கி வைப்பார். வெட்டிய துண்டு சுருங்கும், வெட்டிய துளை விரியும் என்பதைக் கவனித்து, அதற்கேற்ப அளவு வகுத்திருந்தார். ஆண்களின் வழுக்கைக்கு இதைச் செய்யலாம் என்பது பற்றி அவர் அக்கறைப்பட்டதாகத் தெரியவில்லை.

அவர் எழுதியது யப்பானிய மொழியில். அது அச்சான அதே ஆண்டு ஐரோப்பாவில் உலகப்போர் தொடங்கியது. யப்பானில் வேலை நிற்கவில்லை. 1943ல் தமுரா என்பவர் துண்டுகளை இன்னும் பிரித்து ஒற்றை முடிகளாக நட்டார். 1953ல் புஜிதா என்பவர் தொழுநோயால் புருவம் இழந்தவர்களுக்குப் புருவம் நட்டதை எழுதினார். ஆங்கிலம் பேசும் மருத்துவ உலகம் இவர்களைப் பல ஆண்டுகள் அறியவில்லை. ஒக்குடாவின் கட்டுரைகள் ஆங்கிலத்தில் வந்து சேர 21ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. தமுரா ஒற்றை முடியில் நின்ற இடத்துக்கு மற்றவர்கள் வந்துசேர ஏறத்தாழ 50 வருடம் எடுத்தது. அந்த 50 வருடத்துக்குள் விழுந்தவர்களில் நானும் ஒருவன்.

தொழுநோய் என்றதும் வேலூர் வருகிறது. தொழுநோய்க் கிருமிக்கு உடலில் குளிர்ச்சியான இடங்கள் பிடிக்கும். புருவம் அப்படியோர் இடம். நோய் குணமான பிறகும் புருவமில்லாத நெற்றி ஒரு முத்திரையாக நின்றுவிடும். கிருமி போய்விட்டது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதத்தைவிட, ஊர் அந்த நெற்றியைத்தான் நம்பும். வேலை கிடைக்காது, பெண் கிடைக்காது, பஸ்ஸில் பக்கத்தில் ஆள் உட்காராது.

1946ல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் போல் பிராண்ட், தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்குச் செய்த தசைநாண் மாற்றுச் சிகிச்சைக்காக உலகறிந்தவர். 1914ல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். கை சரியாகி ஊருக்குப் போனவர்கள் முகத்தின் காரணமாக வேலையில்லாமல் திரும்பி வருவதைக் கண்டு, அவரும் குழுவினரும் புருவத்திலும் கைவைத்தார்கள். தலையின் பக்கவாட்டிலிருந்து முடியுள்ள தோலில் ஒரு கீற்றை அதன் இரத்தக்குழாயோடு சேர்த்தெடுத்து, நெற்றித் தோலுக்கு அடியால் சுரங்கம்போல ஒரு வழி செய்து, புருவம் இருக்கவேண்டிய இடத்தில் கொண்டுவந்து தைத்தார்கள்.

புருவம் முளைத்தது. ஆனால் நிற்கவில்லை. உண்மையான புருவமுடி சில மாதம் வளர்ந்து தானாக ஓய்ந்துவிடும், அதனால்தான் அது கட்டையாக இருக்கிறது. தலைமுடியோ வருடக்கணக்காக வளரும், மாதத்துக்குச் சுமார் ஒரு சென்ரிமீற்றர். நெற்றிக்கு இடம்பெயர்ந்த பிறகும் அது தலைமுடியாகவே நடந்துகொண்டது. நோயாளிகள் புருவத்தைக் கத்தரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சிலர் கத்தரிக்கவில்லை. பல ஆண்டுகள் புருவமே இல்லாதிருந்தவர்கள், கண்ணை மறைக்கும்வரை அதைப் பெருமையோடு வளர்த்துக்கொண்டு திரிந்தார்கள் என்று பிராண்ட் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர்கள் அவர்கள்தான்.

வேலூரில் கண்ணால் கண்ட அந்த உண்மை, நியூயோர்க்கில் ஒரு விதியாக எழுதப்பட்டது. 1942லேயே ஜேம்ஸ் ஹமில்டன் என்ற உடற்கூற்றியலாளர், பருவமடையுமுன் விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை, ஆண் ஹோர்மோன் கொடுத்தால் பரம்பரையில் வழுக்கை உள்ளவர்களுக்கு விழுகிறது என்று காட்டியிருந்தார். ஹோர்மோனும் வேண்டும், பரம்பரையும் வேண்டும். (யாருடைய பரம்பரை என்பது எங்கள் வீட்டில் பழைய வழக்கு. ஹோர்மோனுக்குச் செவிசாய்க்கும் முக்கியமான ஒரு மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. மகனுக்கு அது தாயிடமிருந்துதான் வரும். இதைச் சொன்னபோது மனைவி, வேறு மரபணுக்களும் உண்டாமே, அவை இரு பக்கத்தாலும் வருமாமே என்று கேட்டு வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்.)

ஆனால் அதே ஹோர்மோன் ஓடும் அதே தலையில், பின்புறமும் காதோரமும் ஏன் முடி கொட்டுவதில்லை? நோர்மன் ஓரென்றைக் என்ற தோல் மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். முடியுள்ள பின்தலைத் துண்டை முன்னாலுள்ள வழுக்கையில் வைத்தார்: வளர்ந்தது, வளர்ந்துகொண்டே இருந்தது. வழுக்கைத் துண்டை முடியுள்ள இடத்தில் வைத்தார்: வழுக்கையாகவே கிடந்தது. முடியின் விதியை நிர்ணயிப்பது போய்ச்சேரும் இடமல்ல, புறப்பட்ட இடம். 1952ல் அவர் வழுக்கைக்கு முதல் சிகிச்சை செய்தார். கட்டுரையாக வெளிவர 1959 ஆனது. அவர் அதற்கு வைத்த பெயரை ‘கொடுக்கும் இடத்தின் ஆதிக்கம்’ என்று தமிழாக்கலாம். இன்று உலகமெங்கும் நடக்கும் முடி நடுகை முழுவதும் இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது.

நாடுவிட்டு வந்த எங்களுக்கு இந்த விதியைப் படித்ததும் மனதில் என்ன ஓடும் என்று சொல்லத் தேவையில்லை. எனக்கும் ஓடியது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2002ல் தென்கொரிய மருத்துவர்கள் தலைமுடியைக் காலில் நட்டுப் பார்த்த ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முடி பிழைத்தது, ஆனால் தலையில் வளர்ந்த வேகத்தில் வளரவில்லை. போய்ச்சேர்ந்த இடமும் தன் பங்குக்கு ஏதோ செய்கிறது. முன்பு இந்தச் செய்தியை யாராவது சொல்லியிருந்தால் நான் வாக்குவாதப்பட்டிருப்பேன். இப்போது பேரப்பிள்ளைகள் பேசும் தமிழைக் கேட்டபின் வாக்குவாதப்படுவதில்லை.

இனி, தவணை கேட்டதற்கான காரணம்.

நான் 1987ல் ரொறன்ரோ வந்தேன். வயது 25. இரண்டு உணவகங்களில் கோப்பை கழுவினேன். மூன்றாவது குளிர்காலத்தில் முன்முடி நன்றாகக் குறைந்துவிட்டது. ஊரில் கலியாணம் பேசத் தொடங்கியிருந்தார்கள். படம் அனுப்பச் சொல்லி அம்மாவின் கடிதம் வந்துகொண்டேயிருந்தது. நான் அனுப்பியது 1985ல் யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோ ஒன்றில் எடுத்த படத்தை. பெண் வீட்டாருக்குப் பிடித்துவிட்டது. அப்போதுதான் பயம் பிடித்தது. 1991ல், சேர்த்த காசைக் கொண்டுபோய் ஒரு சிகிச்சை நிலையத்தில் கட்டினேன்.

அன்றைக்குப் பெருவழக்காக இருந்தது ஓரென்றைக்கின் முறைதான். 4 மில்லிமீற்றர் அகலமான துண்டுகள். ஒவ்வொன்றிலும் பத்து இருபது முடி. பின்தலையில் எடுத்த துளைகளைப் பெரும்பாலும் தைப்பதுகூட இல்லை, ஆறும்வரை விட்டுவிடுவார்கள். நெற்றியோரத்தில் முடி முளைத்தது, பொம்மைத் தலையில் கொத்துக் கொத்தாகத் தைத்திருப்பதைப்போல. தூரத்திலிருந்து எடுத்த படங்களில் பரவாயில்லை.

ஒன்றை அவர்கள் எனக்குச் சொல்லவில்லை. நட்ட முடி நிற்கும். ஆனால் அதற்குப் பின்னாலுள்ள என் சொந்த முடி தன் பாட்டில் கொட்டிக்கொண்டே போகும். நாற்பது வயதில் என் தலையில் முன்னால் ஒரு வரிசைக் கொத்துகள், அதற்குப் பின்னால் வெறும் வெளி. பிறகு வாராவாரம் முழுதாகச் சிரைக்கத் தொடங்கினேன். சிரைத்தால் பின்தலையின் வட்டத் தழும்புகள் தெரியும். அதனால் வெளியே தொப்பி.

மகனுக்கு ஏழு வயதிருக்கும்போது ஒருநாள் என் பின்தலையைத் தடவிக்கொண்டு, “இது ஷெல் பட்டதோ அப்பா?” என்று கேட்டான். அதற்கு முந்திய வாரம்தான் வீட்டுக்கு வந்திருந்த ஒரு மாமா தன் முதுகிலிருந்த ஷெல் காயத்தைக் காட்டியிருந்தார். நான் “ம்” என்றேன். ஓர் எழுத்து. அவன் அதை வகுப்பில் போய்ச் சொன்னான். ஆசிரியை என்னிடம் பரிவோடு பேசினார். அதற்குப் பிறகு திருத்த முடியவில்லை. உண்மையாகவே காயப்பட்டவர்கள் எங்கள் மத்தியில் எத்தனையோ பேர். அவர்களுடைய தழும்பைத் திருடி என் தலையில் வைத்துக்கொண்டு இருபது வருடம் இருந்திருக்கிறேன்.

என் தலைக்குக் கத்தி வைத்த காலத்திலேயே வேறிடங்களில் முறை மாறிக்கொண்டிருந்தது. 1984ல் ஹெடிங்ரன் என்ற நோயியல் மருத்துவர், தலைமுடி தனித்தனியாக வளர்வதில்லை, ஒன்று முதல் நான்கு முடிகள் சேர்ந்த இயற்கையான சிறு கூட்டங்களாக வளர்கிறது என்று விவரித்திருந்தார். 1988 முதல் ரெக்சாஸில் பொபி லிம்மர் என்பவர், பின்தலையிலிருந்து எடுத்த தோல் கீற்றை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அந்தக் கூட்டங்களைக் குலைக்காமல் பிரித்து நட்டார். 1995ல் பேர்ன்ஸ்ரைன், ராஸ்மன் இருவரும் இதையே சிகிச்சையின் அடிப்படை அலகாக்க வேண்டும் என்று எழுதினார்கள். 2002ல் ராஸ்மன் குழு, கீற்றே வெட்டாமல் ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரு மில்லிமீற்றர் அளவு ஊசிக்கத்தியால் நேரடியாக எடுக்கும் முறையை வெளியிட்டது. இஸ்தான்புல் தாளில் உள்ள 4,500 ஒட்டுகள் என்பது இந்த முறைதான். நல்ல கையால் செய்தால், நடப்பட்டது என்று சலூன்காரருக்குக்கூடத் தெரியாது.

முறை இவ்வளவு திருந்தியும் திருந்தாத ஒன்று இருக்கிறது. அது கையிருப்பு. ஒரு தலையில் சுமார் ஒரு இலட்சம் முடி. அதில் ஹோர்மோனுக்கு அசையாத பின்தலைப் பகுதியிலிருந்து, பார்வைக்குத் தெரியாமல் வாழ்நாள் முழுவதற்கும் எடுக்கக்கூடியது பலருக்கு ஐயாயிரம், ஆறாயிரம் கூட்டங்கள். 27 வயதில் ஒரே நாளில் 4,500 எடுத்தால், 45 வயதில் உச்சி வெளிக்கும்போது எடுக்க என்ன மிஞ்சும்? பின்தலையில் மேலதிகமாக எடுத்துவிட்டால் அங்கே பூச்சி அரித்த துணிபோலத் தெரியும். திரும்பி முளைக்காது. நடுகை புதிதாக ஒரு முடியைக்கூட உண்டாக்குவதில்லை, இருப்பதை இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான்.

இங்கேதான் அந்தத் தாளின் இரண்டாம் பகுதி நுழைகிறது. ‘மீளுருவாக்கம்’ என்ற சொல், கையிருப்பைக் கூட்டித் தருவதாக வாக்குக் கொடுக்கிறது. அந்த வாக்குக்குப் பின்னால் உண்மையான விஞ்ஞானம் இருக்கிறது. 1990ல் கொற்சரெலிஸ், சன், லாவ்கர் மூவரும் மயிர்க்காலின் புடைப்பான ஒரு பகுதியில் மூலக்கலங்கள் தங்கியிருப்பதைக் காட்டினார்கள். 1999ல் இங்கிலாந்தின் டேரம் பல்கலைக்கழகத்தில் கொலின் ஜஹோடா தன் தலையிலிருந்து மயிர்க்கால் உறைக் கலங்களை எடுத்துக் கொடுக்க, அவை அவருடைய மனைவியும் சக ஆய்வாளருமான அமண்டா ரெனோல்ட்ஸின் கையில் வைக்கப்பட்டன. அங்கே முடி முளைத்தது. சோதித்தபோது அதில் ஆணின் கலங்கள் இருந்தன. 2011ல் கொற்சரெலிஸின் குழு இன்னொன்றைக் கண்டது: வழுக்கைத் தோலில் மூலக்கலங்கள் அழியவில்லை, அவற்றிலிருந்து பிறக்கவேண்டிய அடுத்த தலைமுறைக் கலங்கள்தான் அருகிப்போயிருக்கின்றன. நிலத்தில் விதை கிடக்கிறது, முளைக்கவில்லை.

இவையெல்லாம் ஆய்வுகூடத்துக் கதை. மயிர்க்கால்களைப் பெருக்கி வெறுந்தலையில் நட்டுத் தரும் சிகிச்சை இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. பொதியில் விற்கப்படும் ‘ஸ்டெம் செல்’ அது அல்ல. எக்சோசோம் என்பது கலங்கள் வெளியிடும் மிக நுண்ணிய பைகள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019ல் அவற்றைப் பற்றிப் பொது எச்சரிக்கை விடுத்தது. அங்கீகரிக்கப்பட்ட எக்சோசோம் மருந்து ஒன்றுமே இல்லை என்பதும் அதில் இருந்தது.

பிஆர்பி பற்றி நான் கொஞ்சம் உரிமையோடு பேசலாம். நோயாளியின் இரத்தத்தைக் குழாயில் எடுத்து சென்ரிபியூஜில் சுழற்றினால், சிவப்புக் கலங்கள் அடியில் போகும், மஞ்சள் திரவம் மேலே நிற்கும். குருதிச் சிறுதட்டுகள் செறிந்த பகுதியைப் பிரித்தெடுத்துத் தலையில் ஊசியால் ஏற்றுகிறார்கள். ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் சாதாரணமாக ஒன்றரை முதல் நாலரை இலட்சம் தட்டுகள் இருக்கும். அதைப் பத்து இலட்சமளவுக்குக் கொண்டுவருவது நோக்கம். காயம் ஆற்றும் வளர்ச்சிக் காரணிகள் அந்தத் தட்டுகளுக்குள் இருக்கின்றன. நடுகையோடு இதைச் சேர்த்தவர்களில் முன்னோடி பிரேசிலின் கார்லோஸ் உபெல். 2006ல் அவர் 20 ஆண்களின் தலையில், ஒரு பக்கம் சாதாரண ஒட்டுகளையும் மறுபக்கம் இந்தத் திரவத்தில் ஊறவைத்த ஒட்டுகளையும் நட்டார். ஊறிய பக்கத்தில் சுமார் 15 வீதம் அதிகமாகப் பிழைத்தன. மெலிந்துவரும் முடியை இது ஓரளவு தடிப்பாக்குவதாகப் பல சிறு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஒவ்வோர் இடத்திலும் சுழற்றும் வேகம் வேறு, நேரம் வேறு, குழாய் வேறு. 24 வருடம் அந்த இயந்திரத்தின் மூடியைத் திறந்து மூடியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு பிஆர்பி ஒரே பொருளாக இருக்கும் என்று நம்ப இடமில்லை. பொலிவான வழுக்கையில் அது ஒன்றையும் முளைக்க வைக்காது.

மகனுக்குச் சொல்ல ஒரே ஒரு வரி மிஞ்சியது. பிஆர்பி எருப்போல, இருக்கும் பயிருக்கு உதவலாம், காணியைப் பெருப்பிக்காது. அதைவிடப் பழைய இரண்டு மருந்துகளுக்குத்தான் உறுதியான சான்று இருக்கிறது. ஒன்று, 1979ல் இரத்த அழுத்தக் குளிசையாக வந்து, உடம்பெல்லாம் முடி முளைக்கச் செய்ததால் 1988ல் தலைக்குப் பூசும் மருந்தான மினொக்சிடில். மற்றது, புரொஸ்ரேற் வீக்கத்துக்கு வந்து 1997ல் வழுக்கைக்கும் அனுமதி பெற்ற பினாஸ்ரரைட். பக்கவிளைவுகளை மருத்துவரோடு பேசித்தான் தொடங்கவேண்டும். ஆனால் இருப்பதைக் காக்காமல் நடுகைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி என் தலை.

ஒரு மாதம் கழித்து அதே மேசையில் இதையெல்லாம் சொன்னேன். சாட்சியையும் சொன்னேன். 1985ல் எடுத்த படத்தைக் காட்டினேன். ஷெல் அல்ல என்று சொல்ல நான் நினைத்ததைவிட நேரம் எடுத்தது.

அவன் கனநேரம் பேசவில்லை. கோபம் இருந்திருக்க வேண்டும். பிறகு, “அம்மாவுக்குத் தெரியுமோ?” என்றான்.

“கலியாணம் முடிஞ்ச அண்டைக்கே தெரியும்” என்று குசினியிலிருந்து பதில் வந்தது.

அவன் எழும்பி என் பின்னால் வந்து நின்றான். தொப்பியை எடுத்தான். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணத் தொடங்கினான். நான் காசு கட்டியது நூறு ஒட்டுக்கு. அவன் 83 வரை எண்ணி, ஒருமுறை பிழைத்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினான். அதே 83தான் வந்தது.

தோல் மருத்துவரிடம் வைகாசியில் நேரம் எடுத்திருக்கிறான். இஸ்தான்புல் தாள் இன்னும் அவனுடைய மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. அதை எறியச் சொல்லி நான் கேட்கவில்லை.